குதிகாலில் வைத்த ஃபிளாப்பின் நுனி கறுக்கிறது: ரத்த ஓட்டம் போதவில்லையா?

பொன்னி_மகள் (திருச்சி)

வணக்கம். அப்பாவுக்கு வயது 58. சர்க்கரை நோய் உண்டு. விபத்தில் வலது குதிகாலின் பின்பக்கத் தோல் பெயர்ந்து, எலும்பும் அதில் வந்து சேரும் தசைநாணும் வெளியே தெரிந்தன. காயத்தைச் சுத்தம் செய்த பிறகு, கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து தோலை அடிக்கொழுப்போடும் சவ்வோடும் பெயர்த்து, கணுக்கால் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, தலைகீழாகத் திருப்பிக் குதிகாலில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் ‘ரிவர்ஸ் சூரல் ஃபிளாப்’ என்று இருக்கிறது.

முதல் நாள் நல்ல நிறத்தில் இருந்தது. மறுநாள் இரவு நுனி நீலமாகி வீங்கியது. பணி மருத்துவர் சில தையல்களைப் பிரித்துவிட்டார். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு இப்போது கருமை. பெரிய மருத்துவர் ‘காத்திருந்து பார்க்கலாம்’ என்கிறார்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினரோ, தோலை அளவுக்கு மீறி நீளமாக எடுத்ததுதான் காரணம் என்கிறார். அத்தை வெந்நீர்ப் பை வைக்கச் சொல்கிறார். முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் அம்மா நிறுத்திவிட்டார். சாப்பிட்டால் சீழ் வைக்குமாம். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கத்தியும்_நூலும்

சகோதரி, முதலில் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். இதை அத்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஃபிளாப்பில் உணர்ச்சி இல்லை. சுட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. சாதாரணத் தோலில் சூடு பட்டால் ரத்தம் விரைந்து ஓடி அந்தச் சூட்டைக் கடத்திவிடும். ரத்த ஓட்டம் குறைந்த தோலில் சூடு அங்கேயே தங்கும். மற்ற இடத்தில் ஒன்றும் செய்யாத சூடுகூட ஃபிளாப்பைக் கொப்புளமாக்கிவிடும். அறை கதகதப்பாக இருக்கட்டும், உடலைப் போர்வையால் மூடுங்கள். ஃபிளாப்பின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

நான் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) துறையில் பணிபுரிகிறேன். அப்பாவின் காலை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். நடப்பது என்னவென்று விளக்க முடியும்.

தோல் ஒட்டு, அதாவது கிராஃப்ட், வந்து சேரும்போது அதற்கென்று ரத்தக் குழாய் கிடையாது. முதல் ஒன்றிரண்டு நாள் காயத்தில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு அடியிலுள்ள நுண்குழாய்கள் அதன் குழாய்களோடு வாய் சேர்ந்து ரத்தம் ஏறத் தொடங்கும். ஆகவே அடித்தளத்தில் ரத்தம் இருந்தாக வேண்டும். மேல்சவ்வு போன வெற்று எலும்பிலும், உறை உரிந்த தசைநாணிலும் அது இல்லை. அங்கே கிராஃப்ட் வைத்தால் சில நாளில் காய்ந்து உதிரும்.

ஃபிளாப் அப்படியில்லை. தன் ரத்தத்தைத் தானே கொண்டுவருகிறது. அப்பாவுக்குச் செய்ததில், வெளிக்கணுக்கால் எலும்புக்குச் சுமார் 5 செ.மீ. மேலே பெரோனியல் தமனியிலிருந்து தோலை நோக்கி வரும் சிறு கிளைகள்தான் ஆதாரம். அவை காம்புக்குள், அதாவது வெட்டாமல் ஒட்டவிட்ட பகுதிக்குள் நுழைந்து, கெண்டைக்காலின் பின்புறம் இறங்கும் சூரல் நரம்பைச் சுற்றியுள்ள மெல்லிய குழாய் வலை வழியாகக் கெண்டைக்கால் தோல்வரை ரத்தத்தை ஏற்றுகின்றன. இப்போது அந்தத் தோலைத் திருப்பிக் கீழே வைத்திருக்கிறார்கள். நுழைவாயிலிலிருந்து மிகத் தொலைவில் இருந்த பகுதி எதுவோ அதுதான் இன்று குதிகாலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காவிரியில் தண்ணீர் குறைந்தால் கடைமடை முதலில் காய்வது போல, ரத்தம் குறைந்தால் நுனி முதலில் கறுக்கும். நமக்குக் கட்டாயம் மூட வேண்டிய இடத்தின் மேல் அந்த நுனியே வந்து அமர்வதுதான் இந்த ஃபிளாப்பின் பெரிய சங்கடம்.

---

அளவுகோல்

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த உறவினர் சொன்னதை இப்படித் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஃபிளாப்பின் நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் உண்டு என்று அறுவை நூல்களிலேயே இருந்தது. காலில் அகலம் எவ்வளவோ அவ்வளவே நீளம். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அதைவிடப் பல மடங்கு நீட்டலாம். குறுகிய காம்பில் நீண்ட தோலைத் தொங்கவிட்டால் நுனி சாகாதா? குடும்பம் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

---

கத்தியும்_நூலும்

கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அந்த விகிதக் கணக்கு 1970இலேயே அடிவாங்கிவிட்டது. மில்டன் என்ற பிரிட்டன் அறுவை மருத்துவர் பன்றிகளின் தோலில் வெவ்வேறு அகலத்தில் ஃபிளாப்புகளை எழுப்பிப் பார்த்தார். ஒரே வகை ரத்த வரத்து இருந்தால், அகலமானதும் குறுகியதும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கே பிழைத்தன. காம்பை அகலமாக்கினால் அதே வகைக் குழாய்கள் இன்னும் சில சேரும். அவை ஒவ்வொன்றும் எட்டுகிற தூரம் மாறாது. எனவே காம்பு எத்தனை விரல் அகலம் என்பதை விட்டுவிட்டு, அதற்குள் என்ன குழாய் ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

1965இல் பாகம்ஜியான் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்பின் மேற்பகுதியிலிருந்து தோள்வரை நீண்ட தோலை எடுத்துக் கழுத்தையும் தொண்டையையும் சீரமைத்தார். 1972இல் மக்ரெகரும் ஜாக்சனும் இடுப்பு மடிப்பிலிருந்து நீண்ட ஃபிளாப்பை எடுத்தார்கள். பழைய விகிதப்படி இவற்றின் நுனி செத்திருக்க வேண்டும். பிழைத்தன. ஏனென்றால் நீளவாக்கில் உள்ளே ஒரு தமனி கூடவே ஓடியது. அடுத்து 1987இல் ஆஸ்திரேலியாவின் டெய்லரும் பால்மரும், உடலை ரத்தக் குழாய்களின் கணக்கில் சுமார் 40 மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் மூலத் தமனி ஒன்று. அண்டை மண்டலங்களுக்கு நடுவே குறுகிய இணைப்புக் குழாய்கள். ஒரு தமனியை நம்பித் தோலை எழுப்பினால், அதன் சொந்த மண்டலமும் ஒட்டிய அடுத்த மண்டலமும் பெரும்பாலும் பிழைக்கும். அதையும் தாண்டிப் போகும்போது இரண்டாவது முறை குறுகிய இணைப்புகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் நுனி கறுக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், உறவினர் சொன்னதில் ‘நீளம்’ என்ற பகுதி சரி, ‘அளவு மீறல்’ என்ற குற்றச்சாட்டு நிற்காது. காயம் குதிகாலின் நுனிவரை இருந்தால் ஃபிளாப்பும் அதுவரை எட்டியே ஆக வேண்டும். குட்டையாக எடுத்து இழுத்துத் தைத்திருந்தால் இழுவிசையில் முழு ஃபிளாப்பும் போயிருக்கும்.

---

ஏட்டுச்சுவடி

இந்தக் காம்பு விவகாரம் நம் நாட்டில் எவ்வளவு பழையது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. ஆங்கிலப் படைக்கு வண்டி மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே ஒருவர் புதிய மூக்கு வைத்தார். அவர் செங்கல் சூளைத் தொழில் செய்யும் சமூகத்தவர் என்று சொல்லப்படுகிறது.

முறையைக் கேளுங்கள். மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தார். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலைப் பெயர்த்தார். இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார். தோலைத் திருப்பி மூக்கின் அடியில் பொருத்தி, காசுக்கட்டி குழைத்த துணிக் கீற்றுகளால் ஒட்டினார். சுமார் 25ஆம் நாள் நடுவில் விட்ட துண்டை வெட்டினார். புதிய பாகமும் பழைய பாகமும் இணையும்வரை அந்தத் துண்டுதான் ரத்த ஓட்டத்தைக் காக்கிறது என்று கடிதம் தெளிவாகவே சொல்கிறது. இதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில அறுவை மருத்துவர், பிணங்களில் பலமுறை பயிற்சி செய்து, 1814இல் லண்டனில் அதே அறுவையைச் செய்தார். 1816இல் நூலாக வெளியிட்டார்.

அந்தப் புனே மனிதரின் பெயர் எந்த அறுவை நூலிலும் தலைப்பாக நிற்கவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

---

கத்தியும்_நூலும்

இன்னொன்றைச் சேர்க்கிறேன். புருவத்தின் உள்முனையில் எலும்பைத் தாண்டி நெற்றியில் ஏறும் ஒரு தமனி இருக்கிறது. கண்களுக்கு நடுவே விட்ட அந்தச் சிறு துண்டில் அது ஓடியதால்தான் நெற்றித் தோல் பிழைத்தது. காம்பு குறுகலாக இருந்தும் நுனி சாகாததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா, அளவுகோல்? இன்றும் மூக்குக்கு நெற்றித் தோலை இப்படித்தான் திருப்புகிறோம். பெரும்பாலும் 3 வாரத்தில் காம்பைப் பிரிக்கிறோம்.

---

இரவுப்பணி

ஃபிளாப் வார்டில் பல வருடம் இரவுப் பணி பார்த்த செவிலி நான். வரலாறும் உடற்கூறும் இருக்கட்டும். தங்கைக்கு இன்றிரவு தேவையானதைச் சொல்கிறேன்.

ஃபிளாப்பை விரலால் மென்மையாக அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 அல்லது 3 விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறிக் குளிர்ந்து, தளர்ந்து கிடந்து, நிறமே திரும்பவில்லை என்றால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ வீங்கி, அழுத்திய உடனே, ஒரு விநாடிக்குள் நிறம் ஓடி வந்தால் ரத்தம் வெளியே போகவில்லை. இரண்டாவதைப் பலர் கோட்டை விடுவார்கள். ‘நிறம் சட்டென்று திரும்புகிறதே, நல்லதுதானே’ என்று நினைப்பார்கள். வேகமாகத் திரும்புவது தேங்கி நிற்கும் ரத்தம். நுனி நீலமாகி வீங்கியது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது வெளியேறாத வகை. அந்தப் பணி மருத்துவர் தையலைப் பிரித்தது நல்ல வேலை. அழுத்திப் பார்ப்பதை டார்ச் வெளிச்சத்தில் செய்யாதீர்கள், விளக்கைப் போடச் சொல்லுங்கள். மாறுதல் தெரிந்தால் காலை ரவுண்ட்ஸ்வரை காத்திருக்கவே கூடாது. செவிலியரை உடனே எழுப்புங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது படுக்கை நிலை. சூரல் ஃபிளாப்பின் காம்பு காலின் பின்பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் உடலின் பாரம் காம்பின் மேலேயே விழும். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கச் சொல்லியிருப்பார்கள். தூக்கத்தில் நோயாளி திரும்பிவிடுவார். காலுக்கு அடியில் தலையணை வைக்கும்போது கெண்டைக்காலின் மேற்பகுதியை மட்டும் தாங்குமாறு வையுங்கள்; காம்பும் குதிகாலும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கால் இதயத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும்.

உணவு. அம்மாவிடம் நானே பேச வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வார்டில் பத்தியம் என்ற பெயரில் ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டு மெலிந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சீழ் கிருமியால் வருகிறது. பருப்பாலும் முட்டையாலும் வருவதில்லை. காயம் ஆறப் புதுச் சதை வளர வேண்டும்; அதற்குப் புரதம் வேண்டும். புது நார்த்திசு உறுதியாகப் பின்ன வைட்டமின் சி வேண்டும். முட்டை, மீன், பருப்பு, நெல்லிக்காய், கொய்யா கொடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தத்தில் அது ஏறினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும்.

கடைசியாக, அப்பா பீடி, சிகரெட் பிடிப்பாரா? மறைக்காமல் சொல்லுங்கள்.

---

பொன்னி_மகள்

பிடிப்பார் அக்கா. மருத்துவமனைக்கு வந்த பிறகு இல்லை என்கிறார். ஆனால் சித்தப்பா பார்க்க வந்தபோது இருவரும் சக்கர நாற்காலியில் வெளியே போனார்கள். கேட்டதற்கு ‘ஒன்றே ஒன்று, அதில் என்ன வரப்போகிறது’ என்றார்.

---

இரவுப்பணி

ஒன்றில் வரும். நிகோடின் தோலின் சிறு தமனிகளைச் சுருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தச் சிவப்பணுவில் ஏறிக்கொள்ளும். வரும் ரத்தமும் குறைகிறது, வந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைகிறது. நுனி ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதா? சித்தப்பாவை வார்டுக்குள் விடாதீர்கள். பக்கத்தில் நின்று யாரும் புகைக்கவும் கூடாது.

---

இயற்பியல்_ஆசிரியர்

சிஸ்டர் சொன்ன ‘வெளியே போகாத ரத்தம்’ பற்றி ஒரு கணக்கு. பள்ளியில் பாய்சொய் விதி நடத்துகிறேன்; மாணவர்களுக்கு இனி இந்த இழையைத்தான் உதாரணமாகக் காட்டப் போகிறேன். குழாய் வழியே ஓடும் நீர்மத்தின் அளவு, ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, 16இல் ஒரு பங்காகும். காம்பு கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, கட்டு கொஞ்சம் இறுகியது என்கிற அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

இரண்டாவது, அழுத்தம். தமனியின் உள்ளே 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டிய அழுத்தம் இருக்கிறது. சிரையில் அதில் சிறு பங்குதான். வெளியிலிருந்து 30 மி.மீ. அழுத்தம் வந்தால் சிரை மூடிக்கொள்ளும், தமனி தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வரும் வழி திறந்து, போகும் வழி அடைத்தால் வீங்கத்தான் செய்யும். வீக்கம் இன்னும் அழுத்தும். இந்தச் சுழலை எங்காவது அறுத்தாக வேண்டும். தையலைப் பிரித்தது அதைத்தான் செய்திருக்கிறது.

எனக்குப் புரியாத ஒன்று. காலின் சிரைகளில் ரத்தத்தை மேல்நோக்கி மட்டும் விடும் வால்வுகள் உண்டு. ஃபிளாப்பைத் தலைகீழாகத் திருப்பிய பின் அதிலுள்ள சிரை ரத்தம் காம்பை நோக்கி, அந்த வால்வுகளுக்கு எதிராகப் போக வேண்டுமே. எப்படிப் போகிறது?

---

கத்தியும்_நூலும்

ஐயா, ரிவர்ஸ் ஃபிளாப்பின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டீர்கள். தமனியை ஒட்டி இரண்டு சிறு சிரைகள் ஓடும். அவற்றுக்கு இடையே குறுக்கு இணைப்புகள் உண்டு. ஒரு வால்வு தடுத்தால் ரத்தம் குறுக்கே போய் அடுத்த சிரை வழியாக அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும். தேக்கத்தில் அழுத்தம் ஏறும்போது சில வால்வுகள் தாமாகவே பிடிப்பு விடும். ஆனாலும் இது சுற்றுவழி. முதல் சில நாள் இந்த வகை ஃபிளாப் நீலம் பாய்வது சாதாரணமாகப் பார்ப்பது. சர்க்கரை நோயாளிகளிலும் புகைப்பவர்களிலும் கூடுதலாகப் பார்க்கிறோம்.

இப்படி ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குச் சில சமயம் இரண்டு கட்டமாகச் செய்வோம். முதல் கட்டத்தில் ஃபிளாப்பின் ஓரங்களை வெட்டி, சில குழாய்களைக் கட்டிவிட்டு, திருப்பாமல் அதே இடத்தில் விட்டுவிடுவோம். வரத்து குறைந்ததை உணர்ந்து, மண்டலங்களுக்கு நடுவேயுள்ள குறுகிய இணைப்புகள் விரியத் தொடங்கும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கணிசமாக விரிகின்றன. பிறகு தூக்கித் திருப்பும்போது நுனிவரை ரத்தம் எட்ட வாய்ப்பு கூடும். எலும்பு திறந்து கிடக்கும் காயத்தில் அவ்வளவு நாள் காத்திருக்கலாமா என்பது நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவு. முதல் உலகப் போரில் கில்லீஸ் என்ற அறுவை மருத்துவர் முகம் சிதைந்த வீரர்களுக்குத் தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்துப் பல வாரங்களில் படிப்படியாக நகர்த்தியதும், ஒடெசாவில் ஃபிலாடோவ் 1916இல் அதையே செய்ததும், இந்தப் பொறுமையின் வேறு வடிவம்தான்.

---

மேட்டூர்_சுந்தரம்

எல்லோரும் காத்திருக்கச் சொல்கிறீர்கள். எனக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, மேலே ஃபிளாப் போட்டார்கள். ஓரம் கறுத்தது. ‘காய்ந்து விழட்டும்’ என்று விட்டார்கள். விழுவதற்குள் அடியில் சீழ் கோத்து, பிளேட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு வேறு மருத்துவமனையில் தொடையிலிருந்து தசையோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாய்களை இணைத்து மூடினார்கள். இன்று நடக்கிறேன். செத்த தோலைக் காலின் மேல் வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும்? உடனே வெட்டச் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. இதில் நான் பின்வாங்க மாட்டேன்.

---

அளவுகோல்

சுந்தரம் ஐயா சொல்வது எனக்கும் நியாயமாகப் படுகிறது.

---

கத்தியும்_நூலும்

அவர் பட்ட வேதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவருடைய காலில் உடனே வெட்டியிருக்க வேண்டும் என்றே நானும் சொல்வேன். அடியில் உலோகம் இருந்தது, சீழ் இருந்தது. கருமை ஈரமாக, நாற்றத்தோடு, சுற்றிலும் சிவந்து, காய்ச்சலோடு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

காய்ந்த கருமை வேறு. எங்கே சாவு முடிகிறது, எங்கே உயிர் தொடங்குகிறது என்ற கோடு முதல் சில நாளில் தெளிவாக இருக்காது. நீலமாக இருக்கும் ஓரப் பகுதியில் பாதி பிழைக்கலாம். அவசரப்பட்டு வெட்டினால் பிழைக்கப்போவதையும் சேர்த்து எறிவோம். அதைவிட முக்கியம், மேல்தோல் மட்டும் செத்து, அடிக்கொழுப்பும் சவ்வும் உயிரோடிருப்பது சூரல் ஃபிளாப்பில் உண்டு. கறுத்த மேல்தோலை நீக்கும்போது அடியில் ரத்தம் கசியும் சதை தெரிந்தால், எலும்பு மூடியே இருக்கிறது என்று பொருள். அதன் மேல் மெல்லிய கிராஃப்ட் வைத்தால் பிடிக்கும். முதல் பதிவில் சகோதரி கேட்ட அந்தக் கிராஃப்ட்டுக்கு அப்போது அடித்தளம் கிடைத்துவிடும்.

அந்தக் காத்திருப்பில் ஃபிளாப் சும்மா இருப்பதில்லை. முதலில் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருள் பசையாக இரு பக்கத்தையும் ஒட்டுகிறது. மூன்று நான்கு நாளில் காயத்தின் ஓரங்களிலிருந்தும் அடியிலிருந்தும் புது நுண்குழாய்கள் ஃபிளாப்புக்குள் நுழையத் தொடங்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த திசுவே அவற்றை வரவழைக்கும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. ஒவ்வொரு நாளும் காம்பை நம்பியிருக்கும் பங்கு குறைகிறது.

எனவே சகோதரி, மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: கருமைக்கு நேர் அடியில் இருப்பது எலும்பா, தசைநாணா, வேறு திசுவா? ஈரமா, காய்ந்ததா? கோடு தெளிந்ததும் என்ன திட்டம்?

---

மேட்டூர்_சுந்தரம்

அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் தினமும் கட்டைப் பிரித்து மருத்துவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று நாள் கட்டையே பிரிக்கவில்லை. காத்திருப்பது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு.

---

தாமரைக்குளம்

நீலமான ஃபிளாப்புக்கு அட்டை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தில் நிறைய இருக்கிறது. இரண்டைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் என்ன?

---

இரவுப்பணி

ஐயோ, வேண்டாம். அட்டை விடுவது உண்மை. 1960இல் ஸ்லோவேனியாவின் லியுப்லியானா நகர மருத்துவர்கள் ஃபிளாப்பில் தேங்கிய ரத்தத்தை அட்டை விட்டு எடுத்ததைப் பதிவு செய்தார்கள். 2004இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதியும் கொடுத்தது. அட்டை குடிக்கும் ரத்தம் கொஞ்சம்தான். அதன் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் ரத்தம் உறையவிடாமல் செய்வதால், அது விழுந்த பிறகும் பல மணி நேரம் ரத்தம் கசியும். புதுச் சிரைகள் உருவாகும்வரை அந்தக் கசிவுதான் வடிகால்.

ஆனால் அதன் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வாழ்கிறது. மருத்துவத்துக்கென வளர்த்த அட்டையை விடும்போதே அதற்கான ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஹீமோகுளோபினை அடிக்கடி பார்த்து, குறைந்தால் ரத்தம் ஏற்றுவார்கள். குளத்து அட்டையைச் சர்க்கரை நோயாளியின் காலில் விட்டால் ஃபிளாப்போடு காலும் போகலாம். உள்ளே வரத்தே இல்லாமல் வெளிறிய ஃபிளாப்பில் அட்டையால் பயனும் இல்லை. பல இடங்களில் அட்டை கிடைக்காது. ஊசியால் மெல்லக் குத்தி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தில் நனைத்த துணியால் துடைத்துவிடுவோம். அதுவும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

---

பொன்னி_மகள்

எல்லோருக்கும் நன்றி. கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். மருத்துவர் உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டினார். கருமை காய்ந்திருக்கிறது, அடியில் தசைநாணின் ஓரம் மட்டும்தான் என்றார். சென்ற வாரம் அறுவை அரங்கில் கறுத்ததை நீக்கினார்கள். அடியில் பெரும்பகுதி ரத்தம் கசியும் சதை. அதன் மேல் தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். கிராஃப்ட் பிடித்துவிட்டது என்று இன்று கட்டைப் பிரித்துச் சொன்னார். சித்தப்பா வரவில்லை. அம்மா தினமும் முட்டை கொடுக்கிறார்.

இரண்டு சந்தேகம். காம்பு வெளியே புடைத்து நிற்கிறது. அதை எப்போது பிரிப்பார்கள், பிரித்தால் மறுபடியும் கறுக்காதா? பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போயிருக்கிறது என்கிறார் அப்பா, அது ஆபத்தா?

---

கத்தியும்_நூலும்

மிக்க மகிழ்ச்சி. காம்பை வழக்கமாக 3 வாரம் கழித்துப் பிரிப்போம். நுனியில் சிக்கல் இருந்ததாலும் சர்க்கரை இருப்பதாலும் இன்னும் சற்றுத் தள்ளிப் போடலாம். பிரிக்கும் முன் காம்பின் அடியை ரப்பர் பட்டையால் இறுக்கி ஃபிளாப்பின் நிறத்தைப் பார்ப்பது வழக்கம். நிறம் மாறாமல் இருந்தால், குதிகால் தளத்திலிருந்து வளர்ந்த குழாய்களே போதும் என்று பொருள். மாறினால் பட்டையை அவிழ்த்துவிட்டு இன்னும் சில நாள் பொறுப்போம். காசுக்கட்டி வைத்து ஒட்டிய புனே மனிதர் 25 நாள் பொறுத்தது இதற்காகத்தான்.

மரத்துப்போனது எதிர்பார்த்ததே. சூரல் நரம்பு ஃபிளாப்போடு சேர்ந்து வந்துவிட்டது. பாதத்தின் வெளி ஓர உணர்ச்சி அதைச் சேர்ந்தது. நடையைக் கெடுக்காது. தழும்பு இறுகப் பல மாதங்கள் ஆகும்; எவ்வளவு இறுகினாலும் பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத் தாண்டாது. ஊன்றி நடப்பதை மருத்துவர் சொல்லும் வேகத்தில் மட்டும் தொடங்குங்கள்.

---

இரவுப்பணி

தங்கை, குதிகாலில் இப்போது இருப்பது கெண்டைக்கால் தோல். உள்ளங்கால் தோலின் தடிப்பும் அதற்கு இல்லை, உணர்ச்சியும் இல்லை. பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ, விறைப்பான ஷூவோ வேண்டாம். குதிகால் உரசாத, உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள். அதையும் முதலில் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தினமும் இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து அப்பாவே குதிகாலைப் பார்க்கட்டும். கிராஃப்ட் வைத்த இடத்திலும் கெண்டைக்காலில் தோல் எடுத்த இடத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக இல்லாததால் வறண்டு வெடிக்கும். புண் முழுவதும் ஆறிய பிறகு குளித்துத் துடைத்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.